ஓடும் தூரமும் ஒப்பந்தமும்

வாங்கும் கைக்கு ஒரு படி, கொடுக்கும் கைக்கு வேறொரு படி என்று இரண்டு படிகளை வைத்துக்கொண்டு வாணிபம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு. ‘அல் முதஃப்பிஃபீன்’ என்னும் 83-ஆம் அத்தியாயம் அது. அதனை ஓதும்போதெல்லாம் மளிகைக் கடைத் தராசும், அரிசி மண்டிப் படியும், ஜவுளிக் கடைக் கஜக்கோலுமே நம் மனக்கண்ணில் தோன்றுவது வழக்கம். மோட்டார் வண்டியின் முகப்பில் எண்கள் உருளும் சிறிய மீட்டரும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான் என்று எண்ணும்படியான ஒரு சந்தர்ப்பம் அண்மையில் வாய்த்தது. அதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று கருதுகிறோம்.

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் அடுத்து வருவது கொட்டிவாக்கம். 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் சேரும்வரை தனி ஊராட்சியாக இருந்த ஊர். சாலைக்குக் கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். மேற்கே வீடுகள் நெருங்கிய தெருக்கள். அங்கே வாழும் நண்பர் ஒருவரிடம் 1952-ஆம் ஆண்டின் எம்.ஜி. டி.டி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1953 வரை செய்யப்பட்ட வகை அது. இருவர் அமரும் இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை, 1,250 சி.சி. எஞ்சின், முன்சக்கரங்களின்மேல் அலைபோல் வளைந்து இறங்கும் மட்கார்டுகள். தோல் வாணிபத்தில் செழிப்பாக இருந்த நாளில் நண்பருடைய வாப்பா வாங்கியது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றிய காலத்தை அறிந்தோர்க்கும், சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைக் கண்டோர்க்கும் இத்தகைய வண்டிகள் புதியன அல்ல.

கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் ஊரில் எழுபது ஆண்டு மூத்த ஒரு வண்டியைக் காத்து வைப்பது எளிய காரியமன்று. நண்பர் அதனை உறையிட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். அன்றாடப் போக்குவரத்துக்கு வேறொரு புதிய கார் உண்டு. ஞாயிறு அதிகாலை, சுபுஹு தொழுதபின், சாலை ஓய்ந்திருக்கும் வேளையில் பழைய வண்டியை எடுத்து முட்டுக்காடு வரை சென்று திரும்புவார். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டும் நாள் வந்தால், நாள் முழுதும் தெருவில் ஓடும் காருக்கு எந்த முறையோ அதே முறைதான் அவருக்கும். எஞ்சினின் அளவு என்ன, எந்த வட்டாரத்தில் பதிவானது, வயது என்ன, மதிப்பு என்ன என்று கேட்பார்கள். ஆண்டில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

பழைய வண்டிகளுக்குச் சலுகையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில், 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்யப்பட்டு, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற கார்களுக்குச் சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி இருந்தது. அந்த ஒரு வகைக்கு மட்டும், வண்டி முற்றிலும் அழிந்தால் தேய்மானம் எதுவும் கழிக்காமல் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தருவதாகப் பாலிசி எழுதவும் இடம் இருந்தது. நண்பருடைய வண்டியோ பன்னிரண்டு ஆண்டு பிந்திப் பிறந்துவிட்டது. பழையது என்று ஒதுக்கவும் ஆயிற்று. பழையது என்று சலுகை தரவும் இல்லை.

மற்ற நாடுகளில் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் பழைய வண்டிகளுக்கு ஆண்டுக்கு 1,500 மைல், 3,000 மைல், 5,000 மைல் என்று வரம்பு கட்டிக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி தருவது நெடுநாளைய வழக்கம். வண்டி இரவில் பூட்டிய கொட்டகையில் நிற்க வேண்டும், அன்றாட வேலைக்கு வேறொரு வண்டி இருக்க வேண்டும் என்பவை அதன் வழக்கமான நிபந்தனைகள். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் அரசே இத்தகையதொரு வரம்பை விதிக்கிறது. அங்கே அளவுகோல் தூரம் அன்று, நாள். 35 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைக் ‘கிளாசிக்’ திட்டத்தில் பதிவு செய்தால் ஆண்டில் 45 நாள் ஓட்டலாம். அதற்கேற்பச் சாலை வரியும் குறையும்.

நம் நாட்டில் இந்த எண்ணம் 2020-இல்தான் சோதனையாக வந்தது. ஆண்டுக்கு 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் என்று படிகள் வகுத்து, ஓடும் அளவுக்கேற்பச் சொந்தச் சேதத்தின் பிரீமியத்தை வாங்கும் பாலிசிகள் அறிமுகமாயின. 2022 ஜூலையில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் எல்லாக் கம்பெனிகளும் இதனைத் தரலாம் என்று அனுமதித்தது. நண்பர் 2,500 கிலோமீட்டர் படியைத் தேர்ந்தார். கொட்டிவாக்கத்திலிருந்து மாமல்லபுரம் சென்று திரும்ப ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆண்டில் இருபத்தேழு முறை அப்படிப் போய்வர அந்த அளவு போதும்.

ஓடுகிற அளவுக்குக் கொடுப்பது நியாயமானதுதான். படி அரிசி வாங்கியவனிடம் மூட்டை அரிசியின் விலையைக் கேட்பது எப்படி முறையாகும்? எனினும் தூரம் குறைந்தால் ஆபத்து முழுவதும் குறைந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. நிற்கும் வண்டிக்கும் ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் பல, வீட்டு வாசலில் நின்றவை. தீயும் திருட்டும் மீட்டரைப் பார்த்து வருவதில்லை. அதனால்தான் வண்டியை எடுக்கவே எடுக்காவிட்டாலும் பிரீமியம் சுழியம் ஆவதில்லை. மேலும், நின்றே கிடக்கும் வண்டி ஓடத் தொடங்கும்போது அதற்கேயுரிய குறைகளோடு ஓடுகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். நன்றாகத் தோன்றும் டயரும் வயதால் வெடிப்புவிடும். நண்பருடைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்குகளே. இன்றைய கார் நிற்கும் தூரத்தில் அது நிற்காது. குறைவாக ஓட்டுகிறவர் நிறைவாகப் பராமரிக்க வேண்டும் என்பதை எந்தப் பாலிசியும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இதற்கிடையே 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அமைப்பு மாறாமல் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு தனி எண் தரப்படும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிப்படி, அவ்வாறு பதிவான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. ஆயிரத்துக்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு அவ்விதியில் 3,416 ரூபாய், பாதியாக்கினால் 1,708. ஆனால் அந்த எண்ணைப் பெற்ற வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார்களின் அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். “பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக முடியாத வண்டி எனக்கு எதற்கு?” என்றார் நண்பர். பழைய பதிவிலேயே இருந்துவிட்டார். பாதித் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து, சாலையில் செல்லும் உரிமையை வைத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து அடைய அவர் முயலவில்லை என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது.

அவருடைய உறுதிக்குச் சோதனை பத்தாம் மாதத்தில் வந்தது. வண்டியின் மீட்டர் மைலில் எண்ணும். பாலிசியோ கிலோமீட்டரில் எழுதப்பட்டது. 2,500 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 1,553 மைல். அதுவரை 1,490 மைல் ஓடியிருந்தது. மீதம் நூறு கிலோமீட்டர் அளவுதான். அப்போது தங்கை மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மண்டபம் மாமல்லபுரத்தின் அருகே. மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் வரவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மறுநாள் வலீமாவும் அங்கேயே. இரண்டு நாளும் போய்வந்தால் 180 கிலோமீட்டர். வரம்பு கடந்துவிடும்.

வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அனுபவசாலி, நல்ல மனிதரும்கூட. கியர் பெட்டியிலிருந்து மீட்டருக்குச் செல்லும் கேபிளின் திருகைத் தளர்த்திவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. “பாய், ரெண்டு நாளைக்குக் கேபிளைக் கழட்டி வெச்சிடறேன். அப்புறம் மாட்டிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். அவர் சொன்னது உண்மை, யாருக்கும் தெரிந்திராது. பாலில் நீர் கலக்கச் சொன்ன தாய்க்கு மறுமொழி சொன்ன பெண்ணின் வரலாற்றை அறியாத முஸ்லிம் வீடு உண்டா? கலீஃபா உமர் (ரலி) அவர்களின் செவிக்கு அந்த மறுமொழி எட்டியதையும், அவள் அவர்கள் வீட்டு மருமகளாக வந்ததையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் பாலும் நீரும் பழைய பொருள்கள் ஆகிவிட்டதால், அதே கேள்வி கேபிளின் வடிவத்தில் வரும்போது நமக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

நண்பர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. கம்பெனிக்குத் தெரிவித்து, கூடுதல் தூரத்துக்கான தொகையைக் கட்டி, ரசீதைக் காட்டினார். “வாப்பாவின் வண்டியில் பொய்க் கணக்கு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அந்தத் தொகை மாப்பிள்ளையின் மாலைக்கு ஆன செலவைவிடக் குறைவு.

அவர் வேறு வகையில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூரம் தீர்ந்தபின் சில பாலிசிகளில் விபத்துச் சேதத்துக்கான காப்பு நின்றுவிடும். தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் தொடரும். வேறு சிலவற்றில் சேதத்தின் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். பொய் வெளிப்பட்டால் இழப்பீட்டுக் கோரிக்கையே மறுக்கப்படலாம். காப்பீட்டு ஒப்பந்தம் உச்ச நம்பிக்கையின்மேல் நிற்பது என்பது சட்ட நூல்களின் முதற்பாடம். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய வழியில்லாத இடத்தில் வாய்ச்சொல்லே சாட்சி. அமானத் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய விளக்கம் வாணிப உலகில் காண்பது அரிது.

இன்ஷூரன்ஸே மார்க்கத்தில் கூடுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது முறைதான். கப்பல் வாணிபத்தில் ஐரோப்பியர் கொண்டுவந்த ‘ஸவ்கரா’ என்னும் காப்பீட்டைப் பற்றி, 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் ஆராய்ந்து, அதன் வழியே இழப்பீடு பெறுவது கூடாது என்று கருத்துரைத்தார். 1961-இல் டமாஸ்கஸில் கூடிய ஃபிக்ஹு மாநாட்டில் முஸ்தஃபா அஸ்ஸர்க்கா கூடும் என்று வாதிட்டார். அபூ ஸஹ்ரா மறுத்தார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வாணிபக் காப்பீட்டில் ‘கரர்’ என்னும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாது என்றும், கூட்டுறவு முறைக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. மலேசியா 1984-இலேயே தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் சட்டத்தின் கட்டாயம். இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதனை வற்புறுத்துகிறது. தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஐயமுடையோர் தத்தம் ஆலிம்களை அணுகுவார்களாக. கட்டாயமான பகுதி எது, நாமாக விரும்பிச் சேர்ப்பது எது என்று பிரித்துக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கும்.

அந்தக் கட்டாயப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறோம். தவறுதலாக ஓர் உயிர் போனால் அதற்குரிய தியத் என்னும் ஈட்டுத்தொகையைச் செலுத்தியவனை மட்டும் நசுக்கிவிடாமல், ‘ஆகிலா’ என்னும் அவனுடைய உறவுக் குழு பகிர்ந்து சுமப்பது இஸ்லாமிய மரபு. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவரின் வழக்கில் பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வாறே தீர்ப்பளித்தார்கள். மதீனத்துச் சாசனத்திலும் ஒவ்வொரு குலமும் தன் ஈட்டுத்தொகையைத் தானே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. இறந்தவரின் வீட்டார் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். வடிவம் வேறாயினும் மூன்றாம் நபர் காப்பீட்டின் நோக்கமும் அதுதான்.

தூர வரம்புப் பாலிசி சொந்தச் சேதத்தின் பிரீமியத்தை மட்டுமே குறைக்கிறது; மூன்றாம் நபருக்குரிய பகுதியை அது தொடுவதேயில்லை. இதில் ஆழ்ந்த நியாயம் இருப்பதாக நமக்குப் படுகிறது. நம் வண்டிக்கு வரும் நட்டத்தை மைல் கணக்கில் அளந்துகொள்ளலாம். அது நம் பொருள். கொட்டிவாக்கத்தில் விடியற்காலையில் மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்ணின் உயிரை எந்த மீட்டரால் அளப்பது? ஆண்டு முழுவதும் ஓடி ஒருவரையும் தொடாத வண்டி உண்டு. முதல் மைலிலேயே ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடும் வண்டியும் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நம்மில் எத்தனை பேர் என்று வாசகர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆனால் நண்பரின் வண்டியிலிருந்து நம் தெருவுக்குத் தூரம் அதிகமில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓடும் ஸ்கூட்டர்கள் நம் மஹல்லாக்களிலும் நிற்கின்றன. கேட்டால், “பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும்தானே போகிறது” என்பார்கள். கொஞ்ச தூரம்தானே என்னும் அதே வாதம். கொஞ்ச தூரத்துக்குச் சலுகை கேட்பது வேறு. கொஞ்ச தூரம் என்பதால் பிறர் உரிமையையே மறப்பது வேறு. 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள ஸ்கூட்டருக்கு 2022-ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாம் நபர் பிரீமியம், வரி நீங்கலாக, 714 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாயும் ஆகவில்லை. அது இல்லாமல் ஒருவரை மோதிவிட்டால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உரிமையாளரின் வீட்டையும் மகளின் நகையையும் தேடி வரும். அவரிடமும் ஒன்றும் இல்லையென்றால், அடிபட்டவரின் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள். காப்பீடின்றி ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்த 2,000 ரூபாயை விடப் பெரிய கணக்கு ஒன்று நமக்கு உண்டு.

பழைய வண்டியோ, அதிகம் ஓடாத புதிய வண்டியோ வைத்திருப்போர் தூர வரம்புப் பாலிசியைப் பற்றிக் கம்பெனியிடம் தாராளமாகக் கேட்கட்டும். வரம்பு மைலா கிலோமீட்டரா, தூரம் தீர்ந்தபின் எது நிற்கும் எது தொடரும், கூடுதல் தூரத்தை இடையில் வாங்கலாமா, ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை இருதரப்பும் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்கின்றன என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். தொடங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வைக்கட்டும். குறைந்த விலை கேட்பது நம் உரிமை. சரியான கணக்குக் கொடுப்பது நம் கடமை. அடுத்தவருக்குரிய பகுதியை ஒரு நாளும் காலாவதியாக விடாமல் புதுப்பிப்பது, சாலையில் நமக்கு எதிரே நடந்து வருகிறவரின் ஹக். இன்று வீட்டுக்குச் சென்றதும் தம் வண்டியின் பாலிசியை எடுத்து அதன் கடைசித் தேதியை ஒருமுறை பார்க்குமாறு வாசகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.